ஒன்று போதாதா தம்பி?

– மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு



"டெலஸ்கோப்பிக் ஷாக் அப்சார்பரைத் தெளிவான படம் வரைந்து விளக்குக."

இந்தக் கேள்வியைப் பார்க்காத ஆட்டோமொபைல் மாணவன் நம்மில் யாரும் இருக்க முடியாது. நானும் பார்த்தேன். ஸ்கேல் வைத்துப் படம் போட்டேன். உள் குழாய், வெளிக் குழாய், பிஸ்டன், வால்வு, ஆயில் சீல் என்று ஒன்று விடாமல் பாகம் குறித்தேன். எண்ணெய் எந்தப் பக்கம் போகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அம்புக்குறியும் போட்டேன். பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, "இந்த ஒரு கேள்வி முழு மார்க்டா" என்று நண்பனிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

அதே பாடத்தில் இருந்து ஒரு டாக்ஸி டிரைவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். படம் கேட்கவில்லை, பாகம் கேட்கவில்லை. "ஏன்?" என்று மட்டும்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்

செமஸ்டர் விடுமுறையில் இன்பிளாண்ட் டிரெயினிங்குக்காக சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். ஏற்காடு போய்வரும் வாடகை வண்டிகள் அங்கே நிறைய வரும். ஒருநாள் மதியம் ஒரு டிசையர் வந்தது. டிரைவர் அண்ணன் சொந்தமாக லோன் போட்டு வாங்கி ஓட்டுகிறவர்.

"பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுதுங்க. வளைவுல திரும்பறப்போ பின்பக்கம் ஒரு மாதிரி ஆடுது" என்றார்.

மேஸ்திரி அண்ணன் டிக்கி மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தி விட்டார். வண்டி ஒருமுறை எழுந்து நிற்காமல் ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் போனது. குனிந்து பார்த்தார். இடது பக்கப் பின் ஷாக் அப்சார்பர் முழுக்க எண்ணெய் வழிந்து, அதில் மண் ஒட்டி அப்பிக் கிடந்தது. வலது பக்கம் காய்ந்துதான் இருந்தது.

"பின் ஷாக்கப்சர் ரெண்டும் மாத்தணும்" என்றார் மேஸ்திரி.

"லீக் ஒண்ணுலதானுங்க இருக்கு? அது மட்டும் போடுங்க. பத்தாம் தேதி டியூ கட்டணும்."

"ஜோடியாத்தாங்க மாத்தணும்."

"ஏனுங்க?"

"எங்க மேஸ்திரி காலத்துல இருந்தே அப்படித்தாங்க."

டிரைவர் அண்ணன் என் பக்கம் திரும்பினார். என் சட்டைப் பையில் காலேஜ் ஐ.டி. கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, நீ டிப்ளமா படிக்கறதா சொன்னாங்களே, நீ சொல்லு. ஒண்ணு போதாதா தம்பி?"

எனக்கு வரைந்த படம் ஞாபகம் வந்தது. பாகங்களின் பெயர் ஞாபகம் வந்தது. பதில் மட்டும் வரவில்லை. "ரெண்டும் மாத்தினா நல்லதுங்கண்ணா" என்று இழுத்தேன்.

அவர் சிரித்தார். "நல்லதுன்னு ஸ்பேர் கடைக்காரனும்தான் சொல்லுவான்."

எதையும் மாற்றாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை அவருக்கு ஏற்காடு சவாரி இருந்தது. சேலத்தில் இருந்து ஏறும் அந்த மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. காசு கொடுக்கிறவர் காரணம் கேட்டார். வேலை தெரிந்தவருக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. படித்தவனுக்கு விஷயமே மனதில் ஏறவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு அந்த மனிதர் கெட்டுப்போன வண்டியோடு மலை ஏறுகிறார்!

பெயரே நம்மை ஏமாற்றுகிறது

அடுத்த மூன்று நாளும் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை மார்க்குக்காக அல்ல.

முதலில் எனக்கு உறைத்தது, இதன் பெயரே பாதிக் குழப்பம் என்பதுதான். ஷாக் அப்சார்பர் என்றால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது என்று அர்த்தம். தமிழிலும் அதிர்வு தாங்கி என்கிறோம். ஆனால் பள்ளத்தில் சக்கரம் விழும்போது முதலில் அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். லாரியில் என்றால் கமான் பட்டை. வண்டியின் எடையைத் தாங்குவதும் ஸ்பிரிங்தான். "பின்னாடி வண்டி உக்காந்துடுச்சு, ஷாக்கப்சர் போச்சு" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வண்டி உட்கார்ந்துவிட்டால் பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கை. காஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பரின் அழுத்தம் வண்டியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், அவ்வளவே.

அப்படியானால் ஷாக் அப்சார்பரின் வேலை என்ன? வாங்கிய அதிர்ச்சியை ஸ்பிரிங் வைத்துக்கொள்ளாது, திருப்பித் தள்ளும். ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளிவிட்டால் தானாக நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது? அதே பலகை தண்ணீருக்குள் ஆடினால் ஓரிரு ஆட்டத்தில் நின்றுவிடும். அந்தத் தண்ணீரின் வேலையைத்தான் ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய் செய்கிறது. பிஸ்டனில் இருக்கும் சிறு துளைகள், வால்வுகள் வழியாக எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிவிடுகிறது. பேங்க் கதவுக்கு மேலே இருக்கிற டோர் குளோசரும் இதே தத்துவம்தான். பிரிட்டனில் இதற்கு டேம்பர், அதாவது தணிப்பான், என்று பெயர். அதுதான் சரியான பெயர் என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்ணெய் வருவதற்கு முன்னால், 1900களின் தொடக்கத்தில், பிரான்சின் ட்ரூஃபோவும் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டும் தட்டுகளை ஒன்றோடு ஒன்று உரசவிட்டு ஆட்டத்தை அடக்கினார்கள். பிறகு எண்ணெய் வந்தது. எண்ணெய் நுரைத்துப் போகாமல் இருக்க நைட்ரஜன் காஸ் வந்தது. எந்தக் காலத்திலும் வேலை ஒன்றுதான்: ஆட்டத்தை வெப்பமாக்கி வெளியே விடுவது.

ஆட்டம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதில் இரண்டு இருக்கின்றன. ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் பாடி, வினாடிக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை முறை மெதுவாக ஆடும். நம் வயிற்றைக் கலக்குவது அது. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் சக்கரமும் ஆக்ஸிலும் வினாடிக்கு 10 முதல் 15 முறை படபடவென்று துள்ளும். அது நமக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் ஆபத்து அதில்தான் அதிகம். துள்ளும் சக்கரம் ரோட்டை விட்டு விட்டுப் பிடிக்கிறது. ரோட்டைத் தொடாத டயருக்குப் பிரேக் போட்டு என்ன பயன்? திருப்பத்தில் அது எதைப் பிடித்துக்கொள்ளும்?

ஆகவே ஷாக் அப்சார்பர் என்பது சொகுசுக்காக வைத்த சாமான் அல்ல. டயரை ரோட்டில் பிடித்து வைக்கிற சாமான். பிரேக், ஸ்டீரிங், டயர் மூன்றும் இதை நம்பித்தான் இருக்கின்றன. "தூக்கிப் போடுது, பரவாயில்லை, பொறுத்துக்கறேன்" என்று ஒருவர் சொன்னால், தன் இடுப்பு வலியைப் பற்றி மட்டும்தான் அவர் நினைக்கிறார். டயரைப் பற்றி நினைக்க வேண்டியது நாம்.

ஏன் ஜோடியாக?

ஒரே ஆக்ஸிலில் இரண்டு சக்கரம். ஒன்றை எண்ணெய் இறுக்கிப் பிடிக்கிறது, இன்னொன்று இஷ்டத்துக்குத் துள்ளுகிறது என்றால், ஒரே பள்ளத்தில் இரண்டும் விழுந்தாலும் இரண்டும் ஒரே மாதிரி திரும்பி வராது. நேர் ரோட்டில் மெதுவாகப் போகும்போது டிரைவருக்கு இது பிடிபடாது. வளைவில், பிரேக்கோடு, டிக்கியில் சாமானோடு இறங்கும்போது பின்பக்கம் ஒரு பக்கமாக நழுவப் பார்க்கும். இடது வளைவில் ஒரு மாதிரி, வலது வளைவில் வேறு மாதிரி.

இரண்டாவது காரணம் வயது. இடது பக்கம் ஓடிய அத்தனை கிலோமீட்டரும் வலது பக்கமும் ஓடியிருக்கிறது. அதே ரோடு, அதே பாரம். ஒன்றின் சீல் கிழிந்து எண்ணெய் வெளியே தெரிந்துவிட்டது. மற்றதில் வால்வு தேய்ந்து, எண்ணெய் உள்ளேயே நீர்த்துப் போயிருக்கலாம். காய்ந்திருக்கிறது என்பதால் மட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

இங்கே ஒன்று கவனியுங்கள் நண்பர்களே! காரணம் தெரிந்தவனுக்கு விதிவிலக்கும் தெரியும். புதிதாக ஜோடி போட்டு இரண்டு மாதத்தில் ஒன்று மட்டும் லீக் ஆகிவிட்டது என்று வையுங்கள். அப்போது அதே கம்பெனி, அதே பார்ட் நம்பரில் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். மற்றது இன்னும் புதுசுதானே! "ஜோடியாத்தான் மாத்தணும்" என்று மட்டும் மனப்பாடம் செய்தவன் அங்கேயும் இரண்டுக்குக் காசு வாங்கிவிடுவான். அவன் கெட்டவனாக இருக்க வேண்டும் என்பதில்லை. விதி தெரியும், விதி எதற்கு என்று தெரியாது, அவ்வளவுதான்.

கை சொன்ன பதில்

நாலாம் நாள் அந்த டிசையர் மறுபடி வந்தது. அவரும் பயணிகளும் பத்திரமாக இருந்தார்கள். ஆனால் "ஒரு வளைவுல பிரேக் போட்டப்போ பின்னாடி தள்ளிடுச்சு தம்பி, உசுரே போயிடுச்சு" என்றார்.

நான் படித்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்ல வாயைத் திறந்தேன். மேஸ்திரி அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "பக்கத்து மண் ரோட்டுல ஒரு சுத்து போய்ட்டு வாங்க" என்று வண்டியை அனுப்பினார். திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "வீல் மேல கை படாம, ஷாக்கப்சர் உடம்பை மட்டும் தொட்டுப் பாரு" என்றார். இடது பக்கம் சில்லென்று இருந்தது. வலது பக்கம் கொஞ்சம் வெதுவெதுப்பு. அதே ரோட்டில் ஓட்டிவந்த இன்னொரு நல்ல வண்டியின் பின்பக்கத்தைத் தொடச் சொன்னார். நல்ல சூடு!

"சூடா இருந்தா உசுரோட இருக்கு. சில்லுன்னு இருந்தா செத்துப்போச்சு" என்றார்.

அந்த நிமிடம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறுகிறது என்று நான் பரீட்சையில் எழுதிய வரி அது! அந்த வரியை நான் எழுதினேன், ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. அவர் எத்தனையோ வருஷமாகத் தொட்டுப் பார்க்கிறார், அந்த வரியைப் படித்ததில்லை. நான் டிரைவர் அண்ணனையும் தொடச் சொன்னேன். ஏன் சில்லென்று இருக்கிறது, ஏன் வலது பக்கமும் போதுமான சூடு இல்லை என்று அவருக்குப் புரியும்படி சொன்னேன். மேஸ்திரி பின் டயர் இரண்டையும் தடவிக் காட்டினார். இரண்டிலுமே அங்கங்கே கிண்ணம் கிண்ணமாகத் தேய்மானம். எண்ணெய் லீக் இல்லாத வலது பக்க டயரும்தான்!

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டார்.

மாற்றும்போது நான் செய்த தப்பு

படிப்பு வந்துவிட்டது என்ற மிதப்பில் கீழ் போல்ட்டை நானே கழற்றுகிறேன் என்று முன்னே போனேன். முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்பக்கம் தூக்கி, பாடிக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, வீலைக் கழற்றியாகிவிட்டது. துருப்பிடித்த போல்ட்டை பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்ணெய் விட்டு ஊறவைத்து, நட்டைக் கழற்றி, போல்ட்டைத் தட்டி உருவினேன். டம் என்று ஆக்ஸில் கீழே இறங்கியது! பிரேக் ஹோஸ் விறைத்துக்கொண்டு நின்றது. மேஸ்திரி பாய்ந்து வந்து ஜாக்கியை ஆக்ஸிலுக்கு அடியில் தள்ளினார். எனக்கு விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது.

பின் ஆக்ஸில் கீழே இறங்காமல் தொங்கிப் பிடிப்பது பல கார்களில் ஷாக் அப்சார்பர்தான். நான் வரைந்த படத்தில் ஷாக் அப்சார்பர் தனியாக நின்றது. வண்டியில் அது தனியாக இல்லை. ஒரு பக்கம் பிரேக் ஹோஸ், ஒரு பக்கம் ஸ்பிரிங், எல்லாம் சேர்ந்து இருக்கிறது. ஆகவே அன்றைக்கு நான் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். வேலை செய்யும்போது வண்டியின் சர்வீஸ் மேனுவல் பக்கத்தில் இருக்கட்டும்.

1. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் கட்டாயம்.

2. இரண்டாவது ஜாக்கியை ஆக்ஸிலுக்கு அடியில் கொடுத்து லேசாகத் தூக்கிய பிறகுதான் ஷாக் அப்சார்பர் போல்ட்டில் கை வைக்க வேண்டும். ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஸ்பிரிங் இடம்விட்டு வெளியே வந்துவிட வாய்ப்பு உண்டு.

3. மேல் நட்டு சில கார்களில் டிக்கி லைனிங்குக்குப் பின்னால் இருக்கும், சிலவற்றில் மட்கார்டு உள்பக்கம் இருக்கும். ராடு கூடவே சுற்றினால் அதன் நுனியில் ஸ்பேனர் பிடிக்க இடம் கொடுத்திருப்பார்கள், அதைப் பிடிக்கணும். பளபளப்பான ராடின் மேல் பிளையர் போட்டுப் பிடித்தால் கீறல் விழும். அந்தக் கீறல் புது சீலைக் கிழித்துவிடும். புது சாமான் கொஞ்ச நாளிலேயே லீக்!

4. பழையதைக் கழற்றியதும் ஸ்பிரிங்கில் வெடிப்பு, பம்ப் ஸ்டாப் ரப்பர், புஷ், மேல் மவுண்டிங் எல்லாம் பார்க்க வேண்டும். திரும்ப ஒருமுறை இவ்வளவையும் கழற்ற யாருக்கும் ஆசை இருக்காது.

5. இரட்டைக் குழாய் வகை என்றால், புதியதை வண்டியில் நிற்கிற வாக்கிலேயே நேராகப் பிடித்து நாலைந்து முறை முழுக்க இழுத்து அமுக்க வேண்டும். படுக்கப்போட்டு வைத்ததில் உள் குழாய்க்குள் புகுந்த காற்று வெளியேறும்.

6. லாக் நட்டு புதிதாகப் போட வேண்டும். கண் வடிவப் புஷ் உள்ள பக்கத்தை முதலில் லேசாக முடுக்கி, சக்கரம் மாட்டி, வண்டியின் எடை தரையில் நின்ற பிறகு மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும்.

7. காஸ் நிரப்பிய பழைய ஷாக் அப்சார்பரை நெருப்பில் போடவோ, வெல்டிங் வைக்கவோ, துளை போடவோ கூடாது.

கழற்றிய பழையது இரண்டையும், புதியதில் ஒன்றையும் மேஸ்திரி டிரைவர் அண்ணன் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். இடது பக்கம் சைக்கிள் பம்ப் வாஷர் போன மாதிரி சும்மா போய்வந்தது. வலது பக்கம் பாதி தூரம் காலியாகப் போய் அப்புறம்தான் பிடித்தது. புதியது இரண்டு பக்கமும் கனமாக, ஒரே சீராக இழுத்தது. அதற்கு மேல் யாரும் அவருக்கு விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

காசு விஷயம்

"ஜோடியாக மாற்று" என்று நான் எழுதுவதைப் படித்துவிட்டு, "பார்ட்ஸ் விற்க நல்ல வழி" என்று யாராவது நினைக்கலாம். அந்தச் சந்தேகம் வருவதற்குக் காரணம் நம் தொழிலில் நடக்கிற சில காரியங்கள்தான். பின்பக்கம் இரண்டு கெட்டால் நாலையும் மாற்றச் சொல்வது ஒன்று. பழையதைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, கறுப்புப் பெயின்ட் அடித்து 'ரீகண்டிஷன்' என்று தலையில் கட்டுவது இன்னொன்று. வெளியே லேசாக எண்ணெய்ப் படலம் தெரிந்தவுடன் "லீக்" என்று பயமுறுத்துவது மற்றொன்று. ராடு நனைய நனையத்தான் சீல் வேலை செய்கிறது. மெல்லிய படலம் இருப்பது வேறு, வழிந்து சொட்டுவது வேறு.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, காரணத்தைச் சொல்வதும் பழைய சாமானை வாடிக்கையாளர் கையில் கொடுப்பதும்தான். மாற்ற வேண்டியதை "மாத்துங்க" என்று எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோமோ, அதே உறுதியோடு மாற்ற வேண்டாததை "இது வேண்டாம், இன்னும் ஓடும்" என்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு மேஸ்திரி, "ஸ்பிரிங் நல்லா இருக்கு, முன்பக்கத்துல கை வைக்க வேண்டாம்" என்று அவராகவே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் டிரைவர் அண்ணன் முகத்தில் இருந்த சந்தேகம் போனது.

நாம் யார்?

"நாம டிப்ளமா, சூப்பர்வைசர் வேலைக்குப் போறோம். ஸ்பேனர் பிடிக்க ஆள் இருப்பாங்க" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. என் வீட்டிலும் "கையில கரி படாத வேலைக்குப் போடா" என்றுதான் படிக்க அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் இத்தனை தூரம் படித்தவன் நான் என்பதால் அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருமுறையாவது கழற்றிப் பார்க்காதவன் கழற்றுகிறவரை எப்படி மேற்பார்வை பார்ப்பான்? இரண்டாவது ஜாக்கி வைக்க வேண்டும் என்று தெரியாத சூப்பர்வைசரின் கீழே வேலை செய்யும் ஆளின் கை என்ன ஆகும்?

நம்மில் சிலர் லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் ஆண்டு பி.இ. போவோம். சிலர் ஓசூரில் ஷாக் அப்சார்பர் செய்கிற கம்பெனிக்கே கூடப் போவோம். சிலர் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைப்போம். எங்கே போனாலும் கை தெரிந்தவருக்கும் கணக்கு தெரிந்தவருக்கும் நடுவில்தான் நம் இடம். இரண்டு பக்கத்துப் பேச்சும் புரிந்து, நடுவில் நிற்கிறவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். அதற்காகத்தான் மூன்று வருஷப் படிப்பு என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே மாணவர் மன்றத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: நீளவாக்கில் வெட்டிக் காட்டிய ஷாக் அப்சார்பர் ஒன்றும், நல்லதும் கெட்டதுமாக இழுத்துப் பார்க்க ஒரு ஜோடியும் நம் லேபில் இருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் கழித்துப் போடுகிறதைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். வெட்டும் வேலையை, காஸ் இல்லாத பழைய வகையை மட்டும் எடுத்து, ஆசிரியர் முன்னிலையில் செய்யலாம்.

இரண்டு: இறுதியாண்டு முடிவதற்குள் ஒவ்வொரு மாணவனும், ஒவ்வொரு மாணவியும் ஒரு வண்டியிலாவது பின் ஷாக் அப்சார்பரைத் தன் கையால் கழற்றி மாட்டியிருக்க வேண்டும். நாலு பேர் செய்ய, இருபது பேர் சுற்றி நின்று ரெக்கார்டு நோட்டில் எழுதுவது போதாது.

மூன்று: செய்து முடித்ததும், ஏன் அப்படிச் செய்தோம் என்று தமிழில், படிக்காத ஒருவருக்குப் புரியும்படி ஐந்து நிமிடம் பேசிக் காட்ட வேண்டும். இதற்கு வாய்மொழித் தேர்வில் மார்க் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, நாமாகவே தொடங்கலாம்.

டிரெயினிங் முடியும் கடைசி வாரம் அந்த டிரைவர் அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. இன்னொரு டிரைவரைக் கூட்டிவந்திருந்தார். அவர் வண்டியிலும் பின்பக்கம் ஒரே ஒரு லீக். அவரும் அதையேதான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நம்ம டிரைவர் அண்ணன், "முதல்ல மண் ரோட்டுல ஒரு சுத்து போய்ட்டு வாய்யா. அப்புறம் தொட்டுப் பாரு, சொல்றேன்" என்றார்.

மேஸ்திரி அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஜாக்கி எடுக்கப் போனேன், இந்த முறை இரண்டு.